ஆடலும் அரங்கும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில் அமைந்த தாடிக்கொம்பு ஸ்ரீசௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயிலில், கல்யாண சௌந்தரவல்லித் தாயார் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தை அரங்க மண்டபம் என்று வழங்குவர். திருவிழாக் காலத்தில் அம்மண்டபத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து வியவாத யாத்திரிகர் இல்லை. ஒரு திருவடியை விண்ணோக்கி எடுத்த உலகளந்த பெருமான், இரணியனை வதைக்கும் நரசிங்கப் பெருமான், வைகுண்டநாதன், கருடன்மேல் வீற்றிருக்கும் எம்பெருமான், சக்கரத்தாழ்வார், ரதி, மன்மதன் எனத் திருவுருவங்கள் கல்லை விட்டு இறங்கி வருவன போல் நிற்கின்றன. வைணவத் திருக்கோயிலுக்குள் சிவபெருமானின் ஊர்த்துவ தாண்டவமும் அங்கே உண்டு. அச்சிற்பங்களைப் பற்றி எழுதினோர் பலர். மண்டபத்தின் பெயரைப் பற்றி நினைத்தோர் சிலரே. ‘அரங்கம்’ என்னும் அச்சொல்லும், அதனோடு பிரியாத ‘ஆடல்’ என்னும் சொல்லுமே இங்கு ஆராயப்படுகின்றன.

இரண்டு சொற்களைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு எனின், காரணம் உண்டு. துக்க வீட்டுக்குச் சென்றவர், சொல்வதற்கு வேறொன்றும் தோன்றாதபோது, ‘எல்லாம் பெருமாள் விளையாட்டு’ என்று சொல்லிவிட்டு வருவது இப்பக்கத்து ஊர்களில் வழக்கம். சொல்பவர் ஆறுதலாகவே சொல்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய்க்கோ அது வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாற்போல் இருக்கும். ‘என் வீட்டு இழவு அவனுக்கு விளையாட்டா?’ என்று அவள் கேட்பாளாயின், அக்கேள்வியை நாத்திகம் என்று தள்ளிவிட முடியாது. பிரம்ம ஸூத்திரமே அதனை எடுத்துக்கொண்டு விடை கூறுகிறது. அவ்விடை விளங்க வேண்டுமானால், விளையாட்டு என்று எதனைச் சொல்கிறோம் என்பது முதலில் தெளிவுபட வேண்டும். கூத்தன் மேடையில் ஆடுவதும், குழந்தை தெருவில் ஆடுவதும், வீரன் களத்தில் ஆடுவதும் ஒன்றா, வேறா?

அரங்கு என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் திட்டுக்கு அரங்கு என்று பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பெரிய பெருமாள் பள்ளிகொண்ட தலம் திருவரங்கம் ஆயிற்று. கூத்தர் ஆடும் மேடைக்கும் அதுவே பெயர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அதற்கு அளவே வகுத்திருக்கிறது: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். வட்டாடுவோர் தரையில் கீறிக்கொள்ளும் கட்டமும் அரங்கே. நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசப் புகுவதனைக் கட்டம் கீறாமல் வட்டாடுவதற்கு ஒப்பிட்டுத் திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். பழந்திருக்கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டத்துக்குரிய கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை யாத்திரிகர்கள் கண்டிருக்கக்கூடும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் அக்கோடுகளுக்குள்தான் உயிர் பெறுகின்றன. கோட்டை விட்டு வெளியே எடுத்தால் அவை வெறுங் கூழாங்கற்களும் புளியங்கொட்டைகளுமே.

திட்டைச் சுற்றி நீர். மேடையைச் சுற்றி விளிம்பு. கட்டத்தைச் சுற்றிக் கோடு. மூன்றுக்கும் பொதுவாக நிற்பது எல்லை என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்க.

இனி ‘ஆடு’ என்னும் வினைச்சொல். தமிழில் இதைப் போல எங்கும் கலந்து நிற்கும் சொல் அரிது. கூத்தாடுகிறோம், பந்தாடுகிறோம், ஊசலாடுகிறோம், நீராடுகிறோம், உரையாடுகிறோம், உறவாடுகிறோம், வழக்காடுகிறோம், போராடுகிறோம், சூதாடுகிறோம், விழாக் கொண்டாடுகிறோம். எம்பெருமானுக்குத் திருமஞ்சனமும் நீராட்டம், ஊஞ்சல் உற்சவமும் ஆட்டம். பழந்தமிழில் ‘ஆடு’ என்பதற்கு வெற்றி என்னும் பொருளும் உண்டு என்பதை அகராதி பார்ப்போர் அறிவர். தொல்காப்பியர் உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் கூறியதோடு நில்லாமல், மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாகவும் அதனை வைத்தார். செல்வம், அறிவு, கூட்டம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் விளையாட்டு நிற்கிறது. அவ்வுவகை துன்பம் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்றும் அடை கொடுத்திருப்பது ஊன்றி நோக்கத்தக்கது.

வடமொழியில் இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாணினீய தாது பாடத்தில் ‘திவ்’ என்னும் தாதுவுக்குப் பத்துப் பொருள்கள் கூறப்படுகின்றன. முதற் பொருள் விளையாடுதல். இரண்டாவது வெல்ல விரும்புதல். அதன்பின் கொடுக்கல் வாங்கல், ஒளிர்தல், துதித்தல், மகிழ்தல், செருக்குதல், உறங்குதல், விரும்புதல், செல்லுதல் என்பன. தேவன் என்னும் சொல் பிறந்தது இத்தாதுவிலிருந்தே. வியாகரணம் பயிலும் பிள்ளைகள் நெட்டுருப் போடும்போது கவனியாமல் கடந்து போகும் இடம் இது. தேவன் என்றால் ஒளியுடையவன் என்றே பொதுவாகப் பொருள் சொல்லப்படுகிறது. ஆனால் வரிசையில் ஒளிக்கு முன்னே விளையாட்டு வந்து நிற்கிறது. தமிழ் ‘ஆடு’ போலவே இங்கும் ஆடுதலும் வெல்லுதலும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்க. சூது என்னும் பொருளுடைய ‘த்யூதம்’ பிறந்ததும் இதே தாதுவிலிருந்து என்பது மறக்கத்தகாதது. தேவனும் சூதும் ஒரு வேரில் கிளைத்திருக்கின்றன. எங்கே பிரிந்தன என்பதே கேள்வி.

முதலில் கூத்தரங்கு. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் முதல் அத்தியாயத்தில் நாடகம் பிறந்த கதையைக் கூறுகிறது. இந்திரன் முதலான தேவர்கள் பிரமனை அணுகிக் கேட்டது ஒரு ‘க்ரீடநீயகம்’, அதாவது விளையாட்டுப் பொருள். கண்ணுக்கும் காதுக்கும் ஒருங்கே இன்பம் தருவதாக அது இருக்க வேண்டும் என்றனர். குழந்தைக்கு மரப்பாச்சி எப்படியோ அப்படித் தேவர்களுக்கு நாடகம்! பிரமன் ருக் வேதத்திலிருந்து உரையையும், ஸாமத்திலிருந்து இசையையும், யஜுஸிலிருந்து அபிநயத்தையும், அதர்வணத்திலிருந்து ரசத்தையும் எடுத்து நாட்டிய வேதத்தைச் சமைத்தான். பரதர் தம் புதல்வர் நூற்றுவரைக் கொண்டு இந்திரவிழாவில் முதல் நாடகத்தை ஆடினார். அசுரர் தோற்ற கதையே ஆடப்பட்டது. பார்த்திருந்த அசுரர் அதனை மெய்யென்று கொண்டு சினந்து, ஆடுவோரின் நினைவையும் சொல்லையும் அசைவையும் முடக்கினர். அதன் பிறகே பிரமன் விசுவகர்மாவை அழைத்து நாடக சாலை எழுப்பச் செய்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் காவல் தெய்வம் வைத்து, அசுரரிடமும் நயமாகப் பேசினான். ஆடப்படுவது உங்கள் பழியும் அன்று, தேவர் புகழும் அன்று. மூவுலகத்து நிகழ்ச்சிகளின் எடுத்துரைப்பு என்று விளக்கினான்.

இக்கதையின் உட்பொருள் ஆழமானது. முதல் நாடகம் அரங்கமின்றி ஆடப்பட்டது. ஆகவே குழப்பம் விளைந்தது. ஆடலையும் மெய்யையும் பிரித்துக் காட்ட ஓர் எல்லை தேவைப்பட்டபோது அரங்கம் தோன்றியது. இரணியனாக நடிப்பவன் அரங்கத்தை விட்டு இறங்கியதும் இரணியன் அல்லன். அதே சமயம் அரங்கத்தில் நிற்கும் வரை அவன் வெறும் மனிதனும் அல்லன். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவனே ரசிகன். திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார் திருநகரியிலும் அரையர்கள் திவ்வியப் பிரபந்தத்தை அபிநயித்துச் சேவிக்கும்போது, நாயகியாகவும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒருவரே மாறி மாறி நிற்கிறார். கண்ணீர் பெருக்கும் பக்தர்கள் யாரும் அவர் அரையர் என்பதை மறந்தவர் அல்லர்.

திண்டுக்கல் சமவெளியில் இராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தையும் சேவையாட்டத்தையும் கண்டவர் இதனை வேறொரு வகையில் உணர்வர். தேவராட்டத்தில் பாட்டு இல்லை. உறுமியின் முழக்கத்துக்கே வரிசையாக நின்று ஆடுவர். சேவையாட்டம் பெருமாளுக்குரியது, அதில் கோமாளி ஒருவன் உண்டு. வழிபாட்டின் நடுவே கோமாளிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், மேற்சொன்ன பத்துப் பொருள்களில் துதித்தலும் மகிழ்தலும் அடுத்தடுத்து நிற்பதை மறந்தவர்கள்.

குழந்தையின் ஆட்டத்துக்கு மேடை வேண்டியதில்லை. தெரு மண் போதும். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தபோது, ஆண்பாலுக்குக் கடைசி மூன்றாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றையும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்பவற்றையும் வைத்தது. எல்லாம் விளையாட்டுக்களே. அவ்வகைக்கெல்லாம் முன்னோடியாகக் கண்ணன் குழந்தையாடலைப் பாடியவர் பெரியாழ்வார். செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று தொடர்ந்து, பிள்ளை பிறரை அச்சுறுத்தி விளையாடும் அப்பூச்சியையும் அவர் விடவில்லை. அவர் திருமகளார் ஆண்டாளோ நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், தாங்கள் நாளெல்லாம் குனிந்து வருந்திக் கட்டிய மணல் வீட்டை அழிக்க வேண்டாம் என்று கண்ணனிடம் மன்றாடும் சிறுமியராகவே ஆகிவிடுகிறார்.

அச்சிறுமியருக்கு அது மணல் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். மணற்சோற்றை எந்தக் குழந்தையும் விழுங்குவதில்லை; ஆனால் விருந்தினருக்குப் பரிமாறுவதில் குறை வைப்பதும் இல்லை. நாடக ரசிகன் பல ஆண்டு பயின்று அடையும் அந்த இருமனத்தைக் குழந்தை பயிலாமலே பெற்றிருக்கிறது. கண்ணன் மறைந்தபோது கோபியரும் இவ்வாறே குழந்தைகள் ஆயினர். ஒருத்தி பூதனையாகவும் ஒருத்தி பால் குடிக்கும் கண்ணனாகவும் நின்று அவன் செயல்களை ஆடிக்காட்டினர் என்று ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் கூறும். நம்மாழ்வாரும் திருவாய்மொழி ஐந்தாம் பத்தில், உலகைப் படைத்ததும் தானே என்று பேசும் நாயகி நிலையை அடைந்தார். இதனைப் பூர்வாசாரியர்கள் அநுகாரம் என்பர். பிரிவுத் துயர் தாங்காத நெஞ்சு பிழைத்திருக்க எடுத்துக்கொண்ட ஆடல் அது. துக்கத்தில் விளையாட்டுக்கு இடமில்லை என்பார்க்கு இது விடையாகும்.

இங்கே எதிர்ப்பு ஒன்று எழும். பிரகலாதன் குழந்தையாய் இருந்தபோதே விளையாட்டுப் பொருள்களைத் துறந்தவன் என்கிறது ஏழாம் ஸ்கந்தம். நூறாண்டு வாழ்வில் பாதி உறக்கத்தில் கழிகிறது, இருபது ஆண்டு விளையாட்டில் கழிகிறது என்று கணக்குப் போட்டவனும் அவனே. அப்படியானால் விளையாட்டு வீண்தானே? பிள்ளையை அதட்டும் பெற்றோர் இக்கணக்கை விரும்பி மேற்கோள் காட்டுவர். ஆனால் அவ்வுபதேசம் எங்கே நடந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஆசிரியர்கள் வீட்டு வேலையாகச் சென்ற நேரத்தில், அசுரச் சிறுவர்கள் அவனை விளையாட அழைத்தார்கள். அவன் அவர்களைக் கடிந்து விரட்டவில்லை. சிரித்துக்கொண்டு பேசத் தொடங்கினான். அவர்கள் கையிலிருந்த விளையாட்டுப் பொருள்களைக் கீழே வைத்துவிட்டுச் சூழ்ந்து அமர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் ஆசிரியர் கற்பித்தது பகைவரை வெல்லும் தண்டநீதி. பகவானைப் பற்றிய பாடம் நடந்தது விளையாட்டு நேரத்தில். ஆசிரியரின் பிரம்பு எட்டாத அந்த ஒரு நாழிகை இல்லையேல் அசுரக் குலத்தில் பக்தி முளைத்திருக்க வழியே இல்லை.

இன்றைய திண்டுக்கல் நகரத்துத் தெருக்களில் பாண்டி ஆடக் கோடு கிழிக்க இடமில்லை. கிழித்தாலும் அரை நாழிகைக்குள் வண்டி ஏறி அழித்துவிடும். கிட்டிப்புள்ளும் கோலியும் பம்பரமும் ஊர்ப்புறத்தில் மட்டும் எஞ்சி நிற்கின்றன. கைப்பேசித் திரையும் ஓர் அரங்குதான் என்று வாதிடலாம். ஆயினும் அதில் கோடு கிழித்தவர் குழந்தை அல்லர், அழித்துவிட்டு எழுந்து போகும் உரிமையும் குழந்தையிடம் இல்லை.

மூன்றாவது களத்து ஆடல். இங்கே வெல்லும் விருப்பம் வெளிப்படையாக வந்துவிடுகிறது. தமிழ் நாட்டின் தொன்மையான களம் ஏறு தழுவுதல். கலித்தொகையின் முல்லைக்கலி அதனை விரிவாகப் பாடுகிறது. நப்பின்னைப் பிராட்டிக்காக ஏழு எருதுகளை அடர்த்த கண்ணனை ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் நினைந்து உருகுகிறார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் கொசவபட்டி, புகையிலைப்பட்டி முதலிய ஊர்களில் இன்றும் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. உச்சநீதிமன்றம் 2014 மே 7-ஆம் நாள் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மாநிலமெங்கும் இளைஞர் திரண்டதன் பின் சட்டம் திருத்தப்பட்டதும், 2023 மே 18-ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றதும் அண்மைய வரலாறு. சட்டத்தின் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். களத்தின் விதியைக் கவனிக்க வேண்டும். திமிலை மட்டுமே தழுவலாம்; கொம்பையோ வாலையோ பற்றலாகாது; ஒரு காளையை ஒருவரே பிடிக்க வேண்டும்; குறித்த எல்லை வரையோ காளை மூன்று முறை துள்ளும் வரையோ பிடித்து நின்றால் போதும், அதன்பின் விட்டுவிட வேண்டும். விதிக்குள் நிற்கும்வரை அது தழுவுதல். விதி மீறினால் அதே செயல் வதை. உயிர்ச் சேதம் நேரும் ஊர்களில் பெரும்பாலும் கோடும் தடுப்பும் காவலும் தளர்ந்திருக்கும் என்பது பழகியவர் கூற்று.

வேரில் ஒன்றாயிருந்த தேவனும் சூதும் பிரியும் இடம் இதுவே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் அடியார்கள் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். பாம்பு கடித்தால் சறுக்குகிறார்கள், ஏணி கிடைத்தால் ஏறுகிறார்கள், விடிந்ததும் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொர்க்கவாசலுக்குப் போகிறார்கள். எவர் வீட்டிலும் ஒரு குண்டுமணி குறைவதில்லை. அதே கட்டையைத் தருமபுத்திரர் உருட்டியபோது பொருள் போயிற்று, நாடு போயிற்று, தம்பியர் போயினர், தாமும் போய், கடைசியில் திரௌபதியும் பணயம் ஆனாள். தம்மை முன்பு தோற்றாரா, என்னை முன்பு தோற்றாரா என்று அவள் கேட்ட கேள்வி, ஆட்டத்தின் எல்லை எங்கே என்னும் கேள்விதான். பீஷ்மராலும் அதற்குத் தெளிவான விடை கூற முடியவில்லை. எல்லை அழிந்த ஆட்டத்தைச் சபையாலும் காக்க முடியாமற் போனபோது எம்பெருமான் புடைவையாக வந்து காத்தான். நம் காலத்தில் கைப்பேசியில் பணம் வைத்தாடும் ரம்மிக்கு இரையாகிக் கடன்பட்டு உயிர்விட்ட குடும்பத் தலைவர்களின் கதை தமிழகம் அறிந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் ஒரு தடைச் சட்டத்தை நிறைவேற்ற, அது 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. பரமபதப் படத்தைச் சுருட்டி வைப்பதற்கு விடியற்காலை இருந்தது. அந்த ரம்மிக்கு விடியலே இல்லை.

கூத்து, குழந்தையாடல், களத்து ஆடல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசினாலும், மூன்றும் ஒரே அரங்கில் கலக்கும் விழா ஒன்று வைணவத் திருக்கோயில்களில் உண்டு. ஸ்ரீஜயந்தியை ஒட்டி நிகழும் உறியடி உற்சவமே அது. கப்பியில் கயிறு மாட்டி உறியைத் தொங்கவிட்டு, ஒருவர் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் உறியை ஏய்க்க, இளைஞர் கோல் கொண்டு அடிக்கப் பாய, சுற்றி நிற்போர் அவர்கள் முகத்தில் தண்ணீரை வீசுவர். வெண்ணெய் திருடிய குழந்தையின் குறும்பு இது. அதனை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறோம். அடித்தவனுக்குப் பரிசும் உண்டு. கயிறு இழுப்பவர் அன்றைக்கு உறி கட்டிய ஆய்ச்சி. எவரும் அவருக்குப் புடைவை கட்டி வேடம் போடவில்லை, ஆயினும் கூட்டம் அவ்வாறே அறிகிறது. எம்பெருமான் எழுந்தருளி நின்று, தான் சிறு பிள்ளையாய்ச் செய்ததைத் தன் அடியார் செய்யக் காண்கிறான். அவன் இங்கே ரசிகன்.

இனி அத்தாயின் கேள்விக்கு வரலாம். பிரம்ம ஸூத்திரம் இரண்டாம் அத்தியாயம் முதற் பாதத்தில் ஒரு தடை எழுப்பப்படுகிறது. எந்தச் செயலுக்கும் ஒரு பயன் வேண்டும். எல்லாம் நிரம்பப் பெற்ற பரமனுக்கு உலகைப் படைப்பதால் என்ன பயன்? பயனில்லையெனில் ஏன் படைத்தான்? லீலையே காரணம் என்று விடை வருகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் இதற்குக் காட்டும் உதாரணம், யாத்திரிகர்கள் வியக்கும்படி, பந்தாட்டம். ஏழு தீவுகள் கொண்ட பூமியை ஆளும் பேரரசன், சௌரியத்திலும் வீரியத்திலும் குறைவற்றவன், பந்து எடுத்து ஆடுகிறான். நாடு வெல்லவா? பொருள் சேர்க்கவா? ஆடுதலே அதன் பயன். குறை உள்ளவன் உழைப்பான். நிறைந்தவனே ஆட முடியும். கம்பநாட்டாழ்வாரும் தம் காப்பியத்தின் முதற் பாட்டிலேயே ஆக்கல், நிலைபெறுத்தல், நீக்கல் மூன்றையும் அளவில்லாத விளையாட்டு என்று அமைத்தார். நாம் வாழும் இவ்வுலகுக்கு நம் சம்பிரதாயத்தில் லீலாவிபூதி என்றே பெயர்.

ஆனால் ஸூத்திரகாரர் அவ்வளவில் நிறுத்தவில்லை. அடுத்த ஸூத்திரத்திலேயே, அப்படியாயின் அவன் பாரபட்சமும் கொடுமையும் உடையவன் ஆகானோ என்ற ஐயத்தை எழுப்பி, ஆகான், உயிர்களின் கர்மத்தை நோக்கியே படைக்கிறான் என்று தீர்க்கிறார். ஆட்டக்காரனுக்குத் தன் விதி உண்டு. விரும்பியவாறு காயை உருட்டி எறிபவன் அல்லன். இந்த விடை அறிவுக்கு நிறைவு தரும். துக்க வீட்டில் அமர்ந்திருப்பவளுக்கு இது மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஸ்ரீபாஷ்யத்தின் மங்கள சுலோகத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அகில உலகத்தின் தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் அவன் லீலை என்று தொடங்கிய எம்பெருமானார், மூச்சு விடுவதற்குள், வணங்கிய உயிர்த்திரளைக் காப்பதையே ஒரே விரதமாகக் கொண்டவன் என்று சேர்க்கிறார். படைத்தலைச் சொல்ல லீலை என்னும் சொல். காத்தலைச் சொல்ல தீக்ஷை என்னும் சொல். யாகம் செய்பவன் கங்கணம் கட்டிக்கொண்டால் அவிழ்க்கும்வரை இடம் பெயரான் அல்லவா? ‘பெருமாள் விளையாட்டு’ என்று முதற்பாதியை மட்டும் சொல்லி, மறுபாதியைச் சொல்லாமல் திரும்புவதனால்தான் ஆறுதல் புண்ணாகிறது.

அவன் எவ்வாறு விளையாடுகிறான் என்பதைக் கண்ணாரக் காட்டுவது பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தின் 18-ஆம் அத்தியாயம். கோடை காலம். சித்திரை வெயிலில் குடகனாற்று மணலில் நடந்தவர்க்கு அக்கோடையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பிருந்தாவனத்தில் அது வசந்தம் போல் இருந்தது. இடைச்சிறுவர் வடிவில் வந்த தேவர்கள், கூத்தரைக் கூத்தர் புகழ்வது போலக் கண்ணனையும் பலராமனையும் புகழ்ந்தார்கள். பின் காய்களை எறிந்தும், ஒருவரை ஒருவர் இழுத்தும், விலங்குகள் போலவும் பறவைகள் போலவும் நடித்தும், ஊஞ்சலாடியும், அரசனாக வேடம் பூண்டும் விளையாடினார்கள். தவளை போலத் தாவினார்கள் என்றும் ஒரு குறிப்பு உண்டு. மண்டூக மகரிஷி தவம் செய்த தலமாகப் போற்றப்படும் தாடிக்கொம்புக்கு வருவோர் அதனைப் படித்துப் புன்முறுவல் பூக்கலாம். அதன்பின் இரண்டு கட்சியாகப் பிரிந்து பந்தயம். தோற்றவர் வென்றவரை முதுகில் சுமக்க வேண்டும். நம் பிள்ளைகள் உப்பு மூட்டை தூக்குவது போல. பலராமனின் கட்சி வென்றது. பத்ரசேனன் விருஷபனைச் சுமந்தான். இடைச்சிறுவனாக உருமாறிக் கண்ணன் கட்சியில் கலந்திருந்த பிரலம்பாசுரன் பலராமனைச் சுமந்தான். தோற்ற கண்ணபிரான் ஸ்ரீதாமனைச் சுமந்தான்.

வியாச பகவான் அவ்விடத்தில் ‘பகவான்’ என்னும் சொல்லையும் ‘தோற்றவன்’ என்னும் சொல்லையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார். உலகளந்தவன், தான் வகுத்த ஆட்டத்தின் விதிக்குத் தானே கட்டுப்பட்டு, ஓர் இடைச்சிறுவனின் காலடியைத் தன் இடையில் தாங்கினான். அரங்குக்கு வெளியே நின்று காய்களை நகர்த்துபவனாக அவனை நினைத்துக்கொண்டதே பிழை. அவன் உள்ளே இறங்கி, தோற்று, சுமக்கிறவன். சுமப்பவனுக்குச் சுமையின் எடை தெரியாதா?

பிரலம்பன் செய்தது என்ன? வென்றவரை இறக்கிவிடக் குறித்த ஓர் எல்லை இருந்தது. அவன் அதனைக் கடந்து விரைந்து போனான். அதுவரை அவனும் ஆட்டக்காரனே. அக்கோட்டைத் தாண்டிய கணத்தில் அசுரன் ஆனான். மலை போலக் கனத்த பலராமனைச் சுமக்க மாட்டாமல் தன் சொந்த உருவத்தை வெளிக்காட்டி, அவன் கைக்குத்தில் தலை பிளந்து வீழ்ந்தான். மற்றச் சிறுவர்கள் சுமந்தும் சுமக்கப்பட்டும், பசுக்களை மேய்த்துக்கொண்டே, கண்ணனை முன்னிட்டுக்கொண்டு பாண்டீரம் என்னும் ஆலமரத்தை அடைந்தார்கள். வழி நெடுக ஸ்ரீதாமன் அவன் முதுகின்மேல்தான் இருந்தான்.